நீல முட்டையும் நான் விட்ட ரீலும்

"டேய் கண்ணு, உன் பேச்சைக் கேட்டு மூவாயிரம் ரூவா போச்சுடா."

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறேகாலுக்கு ராசிபுரம் சித்தப்பாவிடமிருந்து வந்த போன் இப்படித்தான் ஆரம்பித்தது. சனிக்கிழமை ராத்திரி ரிலீஸ் வேலையை முடித்துவிட்டு மூன்று மணிக்குப் படுத்தவன் நான். எந்த மூவாயிரம், என்ன பேச்சு என்று புரியவே ரெண்டு நிமிஷம் ஆச்சு.

கதை பொங்கலில் தொடங்குகிறது. ஊருக்குப் போயிருந்தபோது திண்ணையில் உட்கார்ந்து சித்தப்பாவுக்கு ஒரு கதை சொன்னேன். தென் அமெரிக்காவில் சிலி என்று ஒரு நாடு. அங்கே மாபுச்சே என்கிற பழங்குடி மக்கள் வளர்க்கிற கோழி நீலக்கலரில் முட்டை போடும். அந்தக் கோழியை அங்கே கொண்டுபோனது ஸ்பெயின்காரன் இல்லை, பசிபிக் தீவுகளில் இருந்து படகில் வந்த பாலினேசியர்கள். அதாவது கொலம்பஸுக்கு முன்னாடியே அவங்க அமெரிக்காவுக்குப் போயாச்சு, அதுக்கு சாட்சி அந்த நீல முட்டை. இப்படி அடித்து விட்டேன். எங்கேயோ எப்போதோ படித்தது. சொல்லும்போது எனக்கே சிலிர்த்தது, சித்தப்பாவுக்குக் கேட்கணுமா?

அவர் நாற்பது கோழி வளர்க்கிறவர். நாமக்கல் மாவட்டத்தில் நாற்பது கோழி என்பது கணக்கிலேயே வராது, பண்ணை வைத்திருப்பவர்கள் லட்சத்தில் பேசுவார்கள். ஆனால் இவருடையது எல்லாம் நாட்டுக்கோழி, ஒவ்வொன்றையும் அடையாளம் தெரியும். நான் சென்னைக்கு வந்த பத்தாவது நாள், பக்கத்து மாவட்டத்தில் யாரோ 'நீல முட்டைக்கோழிக் குஞ்சு' விற்கிறார் என்று தெரிந்து, குஞ்சு ஐந்நூறு வீதம் ஆறு வாங்கி வந்துவிட்டார். ஒன்றைக் கீரி தூக்கிவிட்டது. ரெண்டு சேவலாகப் போய்விட்டன. மிச்சம் மூன்று பெட்டை. ஆடி மாசம் மூன்றும் முட்டை போட ஆரம்பித்தன. ஒன்று வெளிறிய பச்சையில் போட்டது. மற்ற ரெண்டும் சாதாரண நாட்டுக்கோழி முட்டை மாதிரி இளம் பழுப்பு.

"நீலம் ஒண்ணுகூட இல்ல. ஏமாத்திப் போட்டான்டா. டீக்கடையில வேற உன் கதையைச் சொல்லி வெச்சிருக்கேன், எம் பையன் இஞ்சினியரு, அவன் சொன்னான்னு."

தூக்கம் போயே போச்சு. மூவாயிரத்துக்காக இல்லை, அந்த டீக்கடைக்காக. சரி, முதலில் முட்டை ஏன் பச்சையாச்சு என்று தேடுவோம் என்று உட்கார்ந்தேன். ஒரு வாரம் ராத்திரி ராத்திரியாகப் படித்ததில் தெரிந்தது ரெண்டு விஷயம். குஞ்சு விற்ற ஆசாமி அவ்வளவாக ஏமாற்றவில்லை. ஏமாற்றியது நான்தான்.

முதலில் அந்த மாபுச்சே மக்கள். 'மாபு' என்றால் நிலம், 'சே' என்றால் மக்கள். ஸ்பெயின்காரர்கள் வைத்த பெயர் அராவுகானோ, அதிலிருந்துதான் கோழிக்கு அராவுகானா என்று பெயர் வந்தது. அதாவது கோழிக்குப் போன பெயர் அந்த மக்கள் தங்களைச் சொல்லிக்கொள்கிற பெயரே இல்லை. இன்கா பேரரசையே மடக்கிய ஸ்பெயின் இவர்களை மடக்க முடியவில்லை. 1598-ல் குராலாபா என்ற இடத்தில் மாபுச்சே வீரர்கள் ஸ்பானிய கவர்னரையே கொன்றார்கள். அடுத்த சில வருஷங்களில் பியோபியோ ஆற்றுக்குத் தெற்கே இருந்த ஸ்பானிய நகரங்களை ஏறக்குறைய துடைத்தே விட்டார்கள். 1641-ல் கில்லின் என்ற இடத்தில் உடன்படிக்கை போட்டு அந்த ஆற்றை எல்லையாக ஸ்பெயின் ஒத்துக்கொள்ள வேண்டியதாயிற்று. கடைசியில் அந்த மண்ணைப் பிடித்தது ஸ்பெயின் இல்லை, விடுதலை அடைந்த சிலி நாட்டின் ராணுவம். 1861-ல் ஆரம்பித்து 1883 வரை இழுத்தது. அந்தப் போரின்போது 1881-ல் கோட்டையாகக் கட்டிய ஊர்தான் தெமூகோ. நம்மாட்கள் உருகி உருகி மொழிபெயர்க்கிற பாப்லோ நெருதா வளர்ந்தது அந்த ஊரில்தான் (நெருதா பெயர் வராமல் தமிழில் சிலி பற்றிப் பதிவு எழுதினால் அடிப்பார்கள் :-)).

இந்த மண்ணுக்குள் வெளியாட்கள் நிறையப் போகாததால், உள்ளே என்ன கோழி இருக்கிறது என்பது வெளியே சரியாகத் தெரியவில்லை.

கோழி அமெரிக்காவுக்கு எப்போது போனது என்கிற சண்டை மட்டும் ரொம்பப் பழசு. 1590-ல் ஹொசே தெ அகோஸ்தா என்ற பாதிரியார் ஒரு புத்தகம் எழுதினார். ஸ்பானியர் வருவதற்கு முன்பே பெருவில் கோழி இருந்திருக்க வேண்டும் என்கிறார். காரணம், அங்கிருக்கும் மக்களிடம் கோழிக்கும் முட்டைக்கும் சொந்தச் சொல் இருக்கிறது: கோழி 'குவால்பா', முட்டை 'ரோன்டோ'. கேட்க நல்ல வாதம். நானும் தலையாட்டினேன். அப்புறம்தான் உறைத்தது. மிளகாய் என்பது தூய தமிழ்ச் சொல், ஆனால் செடி அமெரிக்காவிலிருந்து வந்தது. அதைவிட வான்கோழி! பெயரில் ஒரு எழுத்து வெளியூர் கிடையாது, பறவை அமெரிக்கப் பறவை. புதுசாக வருவதற்கெல்லாம் பழைய சொல்லை ஒட்டி ஒரு பெயர் வைத்துவிடுவதில் நாம் கில்லாடி. கெச்சுவா பேசுகிறவர்கள் மட்டும் வைக்க மாட்டார்களா?

இன்னொரு பக்கம் கார்சிலாசோ. அப்பா ஸ்பானியர், அம்மா இன்கா அரச குடும்பம். 1539-ல் கூஸ்கோவில் பிறந்தவர், 1609-ல் புத்தகம் வெளியிட்டார். அவர் கணக்கில் கோழி ஸ்பானியருடன் வந்ததுதான். தன் சகோதரனையே கொன்ற கொடுங்கோலன் என்று கூஸ்கோ மக்கள் வெறுத்த இன்கா மன்னன் அதவால்பாவின் பெயரைச் சேவல் கூவுவதாக அவர்களுக்குக் கேட்டதாம். அதனால் கோழிக்கே அந்தப் பெயர் வந்தது என்கிறார். சின்ன வயசில் கூஸ்கோ தெருவில் தானும் பள்ளிக்கூடப் பையன்களும் சேவலோடு சேர்ந்து அந்தப் பெயரைக் கத்தியதையும் எழுதியிருக்கிறார். யார் சொன்னது சரி என்பதை விடுங்கள். எழுபது வயசு நெருங்கும்போது ஸ்பெயினில் உட்கார்ந்துகொண்டு, திரும்பிப் போகாத ஊரின் சேவல் சத்தத்தை ஒருத்தர் எழுதுகிறார் பாருங்கள், அந்த இடத்தில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டேன்.

நீல முட்டைக்கு வருவோம். சிலி ராணுவம் மாபுச்சே நிலத்தைப் பிடித்துக்கொண்டிருந்த 1880களில், ருபேன் புஸ்தோஸ் என்ற சிலிக்காரர் அங்கே ரெண்டு வகைக் கோழிகளைப் பார்க்கிறார். ஒன்று கொயோன்கா: வாலே கிடையாது, நீல முட்டை போடும். இன்னொன்று கெத்ரோ: வால் உண்டு, காதுப் பக்கம் ஜிமிக்கி தொங்குகிற மாதிரி ரெண்டு இறகுக் கொத்து, முட்டை நீலம் இல்லை. புஸ்தோஸ் ரெண்டையும் கலந்து வருஷக்கணக்கில் இனம் பிரித்து, வாலில்லாத, ஜிமிக்கி போட்ட, நீல முட்டை போடுகிற ஒரே கோழியை உண்டாக்கினார்.

1914-ல் சால்வதோர் காஸ்தெயோ சிலிக்கு வருகிறார். லேசுப்பட்ட ஆள் இல்லை. ஸ்பெயினில் அரேனிஸ் தெ மார் என்ற ஊரில் 1896-லேயே கோழி வளர்ப்புக்கென்று தனிப் பள்ளி தொடங்கியவர். புஸ்தோஸின் கோழிகளைப் பார்த்து அசந்துபோனார். வால் இல்லை, காதில் ஜிமிக்கி, முட்டை நீலம். இது நம் ஊர்க் கோழியே இல்லை, தனி உயிரினம் என்று முடிவு கட்டிவிட்டார். 1921-ல் ஹேக் நகரில் நடந்த முதல் உலகக் கோழி மாநாட்டில் உலகத்துக்கு அறிவித்தார். லத்தீன் பெயரும் வைத்தார்: காலஸ் இனாவ்ரிஸ். இனாவ்ரிஸ் என்றால் காதணி.

பொங்கலன்று திண்ணையில் உட்கார்ந்திருந்த நானும் ஹேக் நகரத்து காஸ்தெயோவும் ஒரே ஜாதி. நல்ல கதை கிடைத்தால் அதைச் சொல்லிவிடத்தான் முதலில் தோன்றுகிறது. ஆனால் அவர் அடுத்து செய்ததைப் பாருங்கள். அந்தக் கோழி எல்லாமே அப்படி இல்லை, வாலும் ஜிமிக்கியும் முட்டை நிறமும் வேறு வேறு கோழிகளில் தனித்தனியாகவும் வருகின்றன என்ற விவரங்கள் சிலியிலிருந்து அவருக்கு வந்து சேர்ந்தன. 1924-ல் ரெண்டாவது உலகக் கோழி மாநாடு. நடந்தது பார்சிலோனாவில், அதாவது அவருடைய சொந்த மண்ணில். அங்கே எழுந்து, 1921-ல் நான் சொன்னது சரியில்லை, இது தனி உயிரினம் கிடையாது என்று திருத்திக்கொண்டார். நம் ஊர் டீக்கடையில் நாலு பேர் முன்னாடி சொன்னதை மாற்றிச் சொல்லவே எனக்கு ஒரு வாரம் தைரியம் வரவில்லை.

திருத்தம் எங்கே போய்ச் சேர்ந்தது? முதல் சேதி ஓடிய வேகத்தில் திருத்தம் ஓடாது, அது நமக்குத் தெரிந்ததுதானே. ஏப்ரல் 1927 நேஷனல் ஜியாக்ரஃபிக் இதழில் கோழி இனங்கள் பற்றி வந்த கட்டுரையில் இந்தச் சிலிக் கோழியும் இடம்பெற்றது. அமெரிக்காவில் கோழிப் பிரியர்களுக்கு ஆசை பற்றிக்கொண்டது. கப்பலில் கொஞ்சம் கோழிகள் வந்தன. வந்ததில் பாதி ஏற்கெனவே கலப்பு. அங்கே போய் மேலும் கலந்தார்கள். வால் உள்ளது, இல்லாதது, தாடி வைத்தது, ஜிமிக்கி போட்டது என்று கலந்து கட்டி எல்லாமே 'அராவுகானா' என்ற பெயரில் விற்றன. அமெரிக்கக் கோழி சங்கம் 1976-ல் வாலில்லாத, ஜிமிக்கி வைத்ததுதான் அராவுகானா என்று இலக்கணம் வகுத்தது. வாலும் தாடியும் உள்ள நீல முட்டைக் கோழிக்கு அமெராவுகானா என்று பெயர் வைத்து 1984-ல் தனி இனமாகச் சேர்த்தது. ரெண்டிலும் அடங்காத கலப்புக்கு 'ஈஸ்டர் எக்கர்' என்று செல்லப்பெயர். குஞ்சு பொரிப்பகங்களில் இன்றும் அதிகம் விற்பது அதுதான். சித்தப்பா வாங்கியதும் அந்த ரகமாகத்தான் இருக்கணும், மூன்று பெட்டைக்கும் வால் இருக்கிறதே.

நடுவில் ஒரு காமெடி. நீல முட்டையில் கொலஸ்ட்ரால் கிடையாது என்று ஒரு புரளி அங்கே ரொம்ப காலம் ஓடியது. ஆராய்ச்சி செய்து பார்த்தால் அப்படி ஒன்றும் குறைவில்லை. நம் வாட்ஸப்பில் கடக்நாத் கோழியின் 'கருப்பு முட்டை' போட்டோ சுற்றுகிறதே, அது மாதிரி. கடக்நாத் எலும்பு வரை கருப்பு, முட்டை என்னவோ வெளிறிய பழுப்புதான்.

அந்த ஜிமிக்கி பற்றி ஒரு வருத்தமான விஷயமும் இருக்கிறது. பார்க்க அழகு. ஆனால் ஜிமிக்கிக்கான ஜீன் அப்பா அம்மா ரெண்டு பக்கமிருந்தும் வந்துவிட்டால், குஞ்சு முட்டைக்குள்ளேயே, பொரிய வேண்டிய நேரம் நெருங்கும்போது செத்துவிடும். ஜிமிக்கி வைத்த சேவலையும் ஜிமிக்கி வைத்த பெட்டையையும் சேர்த்தால் கால்வாசிக் கருவுக்கு முதலிலேயே விதி முடிந்தது. வாலில்லாத கோழிகளுக்குக் கரு கூடுவதிலும் சிக்கல். இலக்கணப்படி சுத்தமான அராவுகானா வேண்டும் என்றால் இந்தச் சாவையும் சேர்த்துத்தான் வளர்க்கணும். அமெராவுகானா பக்கம் நிறையப் பேர் போனதில் எனக்கு ஆச்சரியமில்லை.

இனி மூவாயிரம் ரூபாய்.

நீல முட்டையின் கணக்கைப் போட்டவர் ரெஜினால்ட் புன்னட். ப்ளஸ் டூவில் உயிரியல் எடுத்தவர்களுக்கு 'புன்னட் கட்டம்' ஞாபகம் இருக்கும். பட்டாணியை வைத்துக் கட்டம் போட்டு உயிரை வாங்குவார்களே, அந்தப் புன்னட்டேதான். கிளாரன்ஸ் எலியட் என்ற செடி சேகரிப்பாளர் சிலிக்குச் செடி தேடிப் போனவர், திரும்பும்போது கோழிகளையும் கொண்டுவந்து கேம்பிரிட்ஜில் இருந்த புன்னட்டிடம் கொடுத்தார். புன்னட் மற்ற கோழிகளோடு சேர்த்து, முட்டைகளை எண்ணி, 1933-ல் முடிவை வெளியிட்டார்: நீலத்துக்கு ஒரே ஒரு ஜீன். அது ஓங்கு ஜீன். ஒரு பிரதி இருந்தாலே போதும், நீலம் வந்துவிடும்.

இதை வைத்து சித்தப்பா வீட்டுக் கணக்கைப் போட்டேன். குஞ்சுகளின் அப்பா அம்மாவில் ஒருவருக்கு மட்டும் நீல ஜீன், அதுவும் ஒரே பிரதி என்று வைத்துக்கொண்டால், குஞ்சுகளில் பாதிக்குத்தான் அது கிடைக்கும். மூன்று பெட்டையில் சரியாக ஒன்றுக்கு மட்டும் கிடைக்க எட்டில் மூன்று வாய்ப்பு. ஒன்றுக்குமே கிடைக்காமல் போகவும் எட்டில் ஒன்று வாய்ப்பு இருந்தது. அந்த வகையில் சித்தப்பா அதிர்ஷ்டசாலி. விற்றவர் வீட்டில் நிஜமாகவே நீல முட்டை போடும் கோழி இருந்திருக்கலாம். குஞ்சு எல்லாமே நீலம் போடும் என்று சொன்னதுதான் தப்பு.

சரி, அந்த ஒன்றும் ஏன் பச்சை? கோழி முட்டைக்கு ரெண்டே சாயம். பழுப்புக்கு புரோட்டோபார்ஃபிரின். நீலத்துக்கு பிலிவெர்டின். ரெண்டுமே ரத்தத்தின் சிவப்போடு சம்பந்தப்பட்ட சரக்குதான். அடிபட்ட இடம் கன்னிப்போய் சில நாளில் பச்சையாக மாறுமே, அது பிலிவெர்டின். முட்டை ஓடு உருவாக சுமார் இருபது மணி நேரம் ஆகிறது. நீலச் சாயம் அந்த நேரம் முழுக்க ஓட்டோடு ஓடாகக் கலந்துகொண்டே இருக்கும். பழுப்பு பெரும்பாலும் கடைசி சில மணி நேரத்தில் மேலே பெயின்ட் மாதிரி பூசப்படுவது. அதனால் பழுப்பு முட்டையை உடைத்தால் ஓட்டின் உள்பக்கம் வெள்ளை. நீல முட்டை உள்ளேயும் நீலம். நீலத்தின் மேல் பழுப்பு பூசினால் கண்ணுக்குப் பச்சை.

உடனே போன் போட்டேன். "சித்தப்பா, அந்தப் பச்சை முட்டையை உடைச்சு, உள்ள ஒட்டியிருக்கிற தோலை உரிச்சுட்டு ஓட்டைப் பாருங்க." சமையலறைக்குப் போகும் சத்தம். சித்தியின் குரல், "விடிஞ்சும் விடியாம என்னத்துக்கு முட்டைய ஒடைக்கறீங்க?" அப்புறம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

"நீலம்டா" என்றார்.

மூவாயிரம் பஞ்சாயத்து முடிந்தது. டீக்கடைப் பஞ்சாயத்து பாக்கி.

2007-ல் அலிஸ் ஸ்டோரி என்ற ஆராய்ச்சியாளரும் குழுவினரும் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். சிலியின் அராவுகோ தீபகற்பத்தில் எல் அரேனால் என்ற இடத்தில் தோண்டியபோது கோழி எலும்பு கிடைத்தது. அதில் ஒன்றின் கார்பன் கணக்கு 1304-க்கும் 1424-க்கும் இடையில் என்று வந்தது. கொலம்பஸ் கிளம்பியதே 1492. எலும்பின் டி.என்.ஏ. பாலினேசியாவின் பழைய கோழி எலும்புகளோடு ஒத்துப்போனதாகவும் சொன்னார்கள். கிடைத்த இடமோ மாபுச்சே நிலம். நீல முட்டை, மாபுச்சே, பாலினேசியப் படகு என்று மூன்றையும் முடிச்சுப் போட யாருக்குத்தான் கை அரிக்காது? எனக்கும் அரித்தது.

மறு வருஷமே மறுப்பு வந்துவிட்டது. அந்த டி.என்.ஏ. வகை பாலினேசியாவுக்கு மட்டும் சொந்தமில்லை, உலகம் முழுக்கப் பரவியிருக்கிற வகை என்றார்கள். கோழி கடல் சாப்பாட்டைக் கொத்தித் தின்றிருந்தால் கார்பன் கணக்கு பழசாகக் காட்டும் என்றார்கள். ஸ்டோரி குழு மேலும் எலும்புகளைச் சோதித்து, தேதி சரிதான் என்று பதில் சொன்னது. 2014-ல் இன்னொரு குழு பழைய பாலினேசியக் கோழி எலும்புகளையே மறுபடி சோதித்தது. உண்மையான பாலினேசிய வகை வேறு, அது தென் அமெரிக்கக் கோழிகளில் காணோம், முன்பு ஒத்துப்போனதாகத் தெரிந்தது ஆய்வகத்தில் கலந்த இன்றைய கோழி டி.என்.ஏ.வாக இருக்கலாம் என்றது. சண்டை முழுசாக ஓய்ந்துவிட்டதாக நான் சொல்ல மாட்டேன். ஆனால் 'நிரூபணம்' என்று திண்ணையில் நான் அடித்துச் சொன்னேனே, அந்த வார்த்தைக்கு இங்கே இடமே இல்லை.

அதோடு, எலும்பு முட்டை போடாது. எல் அரேனால் கோழி என்ன கலரில் போட்டது என்று அந்த எலும்பில் எங்கும் எழுதவில்லை. நீலத்தை அதோடு ஒட்டியது என்னைப் போன்ற ஆட்கள்தான்.

நீலம் எங்கிருந்து வந்தது என்பது 2013-ல் தெரிந்தது. தெரிந்த விதம்தான் என்னைப் போன்ற பொட்டி தட்டுகிறவனுக்குப் பரமானந்தம். சிலியில் மட்டும் இல்லை, சீனாவிலும் நீல, பச்சை முட்டைக் கோழிகள் உண்டு, டோங்ஷியாங், லூஷி என்று. ஆசியாவுக்கும் சிலிக்கும் தொடர்பு இருப்பதற்கு அதுவே ஆதாரம் என்று சொன்னவர்களும் இருந்தார்கள். 2013-ல் வந்த ரெண்டு ஆய்வுகள், ஒன்று சீனாவிலிருந்து, இன்னொன்று இங்கிலாந்தின் நாட்டிங்ஹாமிலிருந்து, அந்த ஜீனைப் பிடித்தன. எஸ்.எல்.சி.ஓ.1பி3 என்று பெயர். சாதாரணமாக இது ஈரலில் வேலை செய்கிற ஜீன், பித்த உப்பு மாதிரி சரக்குகளைச் செல்லுக்குள் கடத்துகிற கூலி. என்றைக்கோ ஒரு ரெட்ரோவைரஸ் கோழியின் டி.என்.ஏ.வுக்குள் புகுந்து தன் துண்டு ஒன்றை இந்த ஜீனுக்கு முன்னால் ஒட்டிவிட்டுப் போயிருக்கிறது. விளைவு, ஈரலில் ஓட வேண்டிய ஜீன், முட்டை ஓடு உருவாகிற கருப்பையிலும் ஓட ஆரம்பித்துவிட்டது. பிலிவெர்டின் ஓட்டில் வந்து குவிகிறது. அவ்வளவுதான் நீலம்.

நம்ம பாஷையில் சொன்னால், ஒரு சர்வரில் மட்டும் ஓட வேண்டிய சர்வீஸ், யாரோ கான்ஃபிக் ஃபைலில் தெரியாமல் நாலு வரி ஒட்டிவிட்டதால் பக்கத்து சர்வரிலும் ஓடுகிறது. யாருக்கும் பாதிப்பில்லை, பார்க்க அழகாக வேறு இருக்கிறது, அதனால் பக் என்று பதியாமல் ஃபீச்சர் என்று விட்டுவிட்டார்கள்.

முக்கியமான மேட்டர் இனிமேல். சீனக் கோழியிலும் சிலிக் கோழியிலும் அதே வகை வைரஸ், அதே ஜீனுக்கு முன்னால். ஆனால் ஒட்டியிருக்கும் இடம் ஒன்றில்லை. டி.என்.ஏ. எழுத்தில் எண்ணினால் 23 எழுத்து தள்ளி. ஒருவரிடமிருந்து ஒருவர் காப்பி அடித்திருந்தால் ஒரே இடத்தில்தான் இருக்கணும். அதாவது ஒரே விபத்து ரெண்டு முறை, ரெண்டு கோழி வம்சத்தில், தனித்தனியாக நடந்திருக்கிறது. சீன நீலம் வேறு, சிலி நீலம் வேறு. ஆசியத் தொடர்புக்கு நீல முட்டை சாட்சி சொல்லும் என்ற வாதம் அந்த 23 எழுத்தில் விழுந்துவிட்டது.

இதில் எனக்கு உண்மையிலேயே வலித்தது ஒன்று உண்டு. பாலினேசியர்களும் அமெரிக்கப் பழங்குடிகளும் சந்தித்தது பொய்யில்லை. ஐரோப்பியர் போவதற்கு முன்பே பாலினேசியத் தீவுகளில் சர்க்கரைவள்ளிக் கிழங்கு விளைந்திருக்கிறது, அது தென் அமெரிக்கக் கிழங்கு. 2020-ல் நேச்சர் இதழில் வந்த ஆய்வு மனிதர்களின் டி.என்.ஏ.விலேயே அந்தச் சந்திப்பைக் காட்டியது. காலம் ஏறக்குறைய 1200 வாக்கில். ஆனால் அதில் ஒத்துப்போனது கொலம்பியப் பக்கத்துப் பழங்குடிகளோடு. மாபுச்சே நிலம் அங்கிருந்து ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தெற்கே. நான் சொன்ன கதையின் முடிவு சரி, அதற்குக் காட்டிய சாட்சிதான் பொய். பரீட்சையில் ஸ்டெப்ஸ் எல்லாம் தப்பாகப் போட்டு விடை மட்டும் சரியாக எழுதினவனுக்கு எத்தனை மார்க்?

போன ஞாயிறு சித்தப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். படகு, எலும்பு, வைரஸ், 23 எழுத்து. டீக்கடையில் நான் சொன்னது தப்பு என்று சொல்லிவிடுங்கள் என்றேன். "நீயே வந்து சொல்லு. எனக்கென்ன தலையெழுத்தா?" என்று சிரித்தார். நியாயம்தான். காஸ்தெயோவே தன் ஊருக்கு வந்துதான் சொன்னார்.

அவருக்கு வரலாற்றைவிட அடுத்த அடைதான் கவலை. பச்சை முட்டைக்கோழி அடைக்கு உட்காரப் போகிறது, எந்தச் சேவலோடு சேர்த்திருக்க வேண்டும் என்று கேட்டார். இதற்கும் பழைய ஆராய்ச்சி ஒன்று வைத்திருந்தேன். கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஹட் என்பவரும் புருக்னரும் 1939-ல் கண்டுபிடித்தது: நீல முட்டை ஜீனும், பட்டாணிக்கொண்டை ஜீனும் டி.என்.ஏ.வில் பக்கத்துப் பக்கத்து வீடு. இந்தச் சிலி வம்சத்தில் ரெண்டும் பெரும்பாலும் சேர்ந்தே பிள்ளைக்குப் போகும். சேவல் முட்டை போடாது, அது நீல ஜீன் வைத்திருக்கிறதா என்று வேறு எப்படித் தெரியும்? கொண்டையைப் பார்க்க வேண்டியதுதான். ரம்பம் மாதிரி நிமிர்ந்த கொண்டை என்றால் நம்பிக்கை குறைவு. குட்டையாக, மூன்று வரிசைப் பட்டாணி பதித்த மாதிரி இருந்தால் நல்ல வாய்ப்பு. ஆனால் நம்ம ஊர் சண்டைச்சேவலுக்கும் பட்டாணிக்கொண்டைதான், அதில் நீலம் கிடையாது. அதனால் அவர் வீட்டு சண்டைச்சேவலை வைத்துக் கணக்குப் போட முடியாது, வாங்கி வந்த குஞ்சில் வளர்ந்த சேவலைத்தான் பார்க்கணும்.

"பச்சை முட்டை போடறதுக்கு என்ன கொண்டைங்க சித்தப்பா?"

"நீ சொல்றாப்புலதான். குட்டையா, பட்டாணிக் கொண்டை. மத்த ரெண்டும் ரம்பக் கொண்டை."

எனக்கு சந்தோஷம் தாங்கவில்லை. 1939-ல் அமெரிக்காவில் போட்ட கணக்கு ராசிபுரத்தில் அப்படியே நிற்கிறது. "அப்ப அந்த ரெண்டு சேவல்ல பட்டாணிக் கொண்டை எதுன்னு பாருங்க. அதைத் தனியா எடுத்து இதுகூட விட்டா, வர்ற பெட்டையில முக்கால்வாசி நீலமோ பச்சையோ போட வாய்ப்பு இருக்கு."

மறுமுனையில் கொஞ்ச நேரம் பேச்சில்லை.

"ஒண்ணு ரம்பக் கொண்டை. இங்கதான் திரியுது."

"இன்னொண்ணு?"

"அதத்தான்டா கண்ணு ஆடிப் பதினெட்டுக்கு அடிச்சுக் கொழம்பு வெச்சோம். நீகூட போட்டோ பாத்துட்டு எனக்கும் ஒரு டப்பாவுல போட்டு வைங்கன்னு கேட்டியே."